பயந்தாங்கொள்ளி அக்கா

அந்த அக்கா பயப்படாத பொருள் ஒன்று எங்கள் தோட்டத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இடிக்குப் பயம். இடிக்காமல் வானம் சும்மா கறுத்தாலும் பயம். அட்டைக்குப் பயம். நடை பழகிய நாளிலிருந்து தேயிலைக்குள்ளேயே திரிந்தவர், காலில் அட்டை ஏறினால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைப் பார்ப்பவர்போலக் கூச்சல் போடுவார். பெக்டரி வாசலில் படுத்துக் கிடக்கும் கிழட்டு நாய்க்குப் பயம். அதற்குப் பல்லே கிடையாது என்று சொன்னால், "பல்லு இல்லாட்டி என்னங்க, கோவம் இருக்கும்ல?" என்பார். பெரகல சந்தியில் ரோட்டைக் கடக்க யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். இரண்டு பேரில் ஒருவருக்காவது காது கேட்காமலா போகும் என்பது அவருடைய நம்பிக்கை.

இதற்கெல்லாம் மேலே, என்னிடம் பயம். நான் அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்பி, அன்றைய வேலைக்குப் பேர் போடுவது என் பொறுப்பு. முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். எனக்கு மூக்குக்கு மேலே கோபம், குரலும் பெரிசு. நான் வேறு யாரையோ ஏசினால் பக்கத்து நிரையில் நிற்கும் இவருடைய கையிலிருந்து கொழுந்து கொட்டும். அந்தக் கை எப்போதும் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. தேயிலைச் செடி ஆடினால் காற்றா அக்காவா என்று லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கேலி பேசுவார்கள். பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் வைத்த பட்டம், அவருடைய சொந்தப் பேரை விழுங்கிவிட்டது.

அவருடைய புருஷன் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். முற்றிய தேயிலைச் செடியை அவர் வெட்டிவிட்டால் மலை முழுக்க ஒரே மட்டமாக நிற்கும். வேலையிலிருந்து நின்று கொஞ்ச காலம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், அவருக்கு மறதி வந்தது. முதலில் பீடிக்கட்டைத் தேடினார். பிறகு வீட்டைத் தேடினார். லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி வாசல். யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, "யாருடா நீங்க எல்லாம்?" என்று வீட்டுக்காரரையே அதட்டுவார். ஆனால் காலைச் சங்கு ஊதினால் மட்டும் அவருக்கு எதுவும் மறக்காது. கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து, ஆட்களோடு ஆளாக நிற்பார்.

நான் நியாயத்தைத்தான் சொன்னேன். "பெரியவரே, உங்களுக்கு வேல நின்னு போச்சு. வீட்டுக்குப் போங்க." அவர் முறைப்பார். மறுநாளும் வருவார். நான் இன்னும் சத்தமாகச் சொல்வேன். ஒரு நாள் கத்தியை ஓங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். கவ்வாத்துக் கத்தி விரலைச் சீவினால் விரல் கீழே விழுந்த பிறகுதான் வலிக்கும், அவ்வளவு கூர்மை.

அன்று மத்தியானம் அக்கா என்னிடம் வந்தார். கூடையை இறக்காமலே, பத்தடி தள்ளி நின்றார்.

"ஐயா, ஏசாதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவருக்குப் பேர் போட்டாச்சுன்னு வாயால மட்டும் சொல்லிருங்க ஐயா. வீட்டுக்கு வந்துருவாரு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்தாங்க. அவரு கத்தியோட நிக்கிறாருங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

மறுநாள் சொன்னேன். "பெரியவரே, உங்களுக்குப் பேர் போட்டாச்சு. முழுப்பேர். கத்திய சம்சாரத்துகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க." கிழவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தியைக் கொடுத்தார். ஒரு நாள் வேலையை முடித்த ஆள்போலத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, லயத்துப் பக்கம் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை ஒவ்வொரு காலையும் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு ஞாயிறும் கிடையாது, பௌர்ணமிப் போயா லீவும் கிடையாது.

ஒருமுறை அவர் எங்கள் எல்லோருடைய கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு டவுனுக்குப் போய்விட்டார். யுத்த காலம் அது. ரோட்டில் சோதனைச் சாவடிகள். தமிழ் ஆள், கையில் அடையாள அட்டை இல்லை, பேரைக் கேட்டால் சிரிக்கிறார், ஊரைக் கேட்டால் அப்பன் பேரைச் சொல்கிறார். பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். செய்தி வந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் காலத்தில் உள்ளே போன ஆள் வெளியே வருவானா என்று யாராலும் சொல்ல முடியாது. சாவடியில் நின்ற பொலிஸ்காரர் அக்காவின் நடுக்கத்தைப் பார்த்தார். ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். ஏன் நடுங்குகிறாய் என்று சிங்களத்தில் அதட்டினார். நான் ஏதோ சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களில் பதில் சொல்லிவிட்டார்.

"மட்ட பயய் மாத்தயா." எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா என்று அர்த்தம். "அவருக்கு நெனப்பு இல்ல. உங்களுக்கும் பயம். எனக்கும் பயம். அவருக்கு மட்டுந்தான் பயமில்ல." கடைசிப் பகுதியைத் தமிழில்தான் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் கிழவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, துப்பாக்கி வைத்திருந்த பையனிடம் பீடி கேட்டுக்கொண்டிருந்தார். விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த அன்றே அக்கா அடையாள அட்டையின் போட்டோ பிரதியைப் பொலித்தீனில் மடித்து, கிழவரின் சட்டை ஒவ்வொன்றிலும் உள்பக்கம் வைத்துத் தைத்தார். கை நடுங்கியதால் தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. பிறகு அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அறிமுகம். இப்படி எத்தனையோ பேர் தோட்டங்களில் வீட்டுக்குள் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வாறன் என்றாராம். சொன்னபடி வந்தார்.

மறதிக்காரர்களின் வீட்டாருக்கான கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கூரையிலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கும். பெரியவர்கள் எல்லோரும் குழந்தைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். நான் சாவி வைத்திருந்த காரணத்தால் போனேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். என் அம்மா அந்த வாரம் நான்தான் மகன் என்பதை ஒரு பொழுது முழுக்க நம்ப மறுத்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டரம்மா நல்ல மாதிரிதான் தொடங்கினார். "பயப்பிடாதேங்கோ. இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. மூளையில வாற ஒரு நோய். வீட்டில எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

"நல்லாத்தான் பாத்துக்கிறோங்க" என்றாள் ஒருத்தி. அவள் தன் மாமியாரைக் கட்டில் காலில் கட்டிவிட்டு வேலைக்கு வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களும் ஆமாங்க, நல்லாத்தாங்க என்று தலையாட்டினார்கள். அப்போது அக்கா எழுந்தார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க டாக்டரம்மா. நீ யாருடின்னு அவரு கேக்கறப்ப பயமா இருக்கு. தூக்கத்துல கழுத்தப் புடிச்சிருவாரோன்னு பயமா இருக்கு. நான் மொதல்ல செத்துட்டா இவர யாரு பாப்பான்னு பயம். ஒரு நாளு, இவரு செத்துட்டா தேவலன்னு நெனச்சேன். அன்னையில இருந்து என்னையக் கண்டாலே எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா கையிலிருந்த மூளைப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தானும் ஒரு குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தார். மாமியாரைக் கட்டுகிறவள் விம்மினாள். "நானும் நெனச்சிருக்கேங்க. கட்டித்தாங்க போடறேன். அவுத்து விட்டா கெணத்துப் பக்கம் போயிருதுங்க" என்றாள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். அன்றைக்குத் தேத்தண்ணீர் ஆறிப்போய், யாரும் குடிக்காமல் கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கும். அக்கா எழுந்து, எனக்குப் பயமா இருக்குங்க என்று சொல்ல வேண்டும். அந்த மாதத்துப் பயம் எது என்று சொல்வார். பிறகு மற்றவர்களுக்கு வாய் திறக்கும். ஆனால் ஒன்று. பயப்படாதீங்க என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை நானே கேட்டேன். "பயப்படாதீங்கன்னு சொன்னா யாருக்குங்க பயம் போகுது? வாயிதான் மூடிக்கும்" என்றார்.

என் அம்மாவின் விஷயத்தை அவரிடம் மறைக்க முடியவில்லை. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்கு வருவதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். நிரையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கீழ்க்குரலில், "ஐயா, பூட்டிட்டா வந்தீங்க? தீப் புடிச்சா?" என்பார். நான் முறைத்தால் தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த சுற்றில் மறுபடியும், "அடுப்ப அணைச்சீங்களா ஐயா?" தொல்லை தாங்காமல் பூட்டை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வாரமே அம்மாவைக் காணோம்.

கொழுந்து நிறுக்கும் நேரம். பனி இறங்கி, எதிரே நிற்கும் ஆள் நிழலாகத் தெரிந்தார். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்து, கதவு திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை என்றாள். என் கோபம் முழுவதும் அக்காவின் மேல் திரும்பியது. "உங்க பேச்சக் கேட்டுத்தான் பூட்டாம வந்தேன்! இப்ப சந்தோசமா?" என்று கத்தினேன். அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் உதறியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. உதறிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"தண்ணிப் பீலிக்குப் பின்னால பாசி புடிச்ச படி இருக்குங்க, அங்க ரெண்டு பேரு போங்க. பெக்டரி நாயி படுக்குற எடத்துக்கு ஒரு ஆளு. பழைய லயத்துக் கெணத்துக்கு மூடி இல்ல, அங்க போங்க. பதினோராம் நம்பர் மலையில மண்ணு சரிஞ்ச பள்ளம் இருக்கு. பெரிய ரோட்டு வளைவு..."

தோட்டத்தில் ஆளை விழுங்கக்கூடிய இடம் எதையும் அவர் விடவில்லை. எல்லா இடத்துக்கும் அவர் வாழ்நாள் முழுக்கப் பயந்திருந்தார் அல்லவா? ஆட்கள் பனிக்குள் நாலாபக்கமும் ஓடினார்கள். கடைசியில், "கோச்சிப் பாதைக்கு நானும் ஐயாவும் போறோம்" என்றார்.

தோட்டத்தின் மேல் எல்லையில் ரயில் பாதை போகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சுரங்கம். ரயில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்துகிறவர் எதற்காக அங்கே வருகிறார் என்று புரியாமல், "நீங்க வேண்டாம், வேற ஆள அனுப்பறேன்" என்றேன். "மத்தவங்க எட்டிப் பாத்துட்டு இல்லன்னு வந்துருவாங்க ஐயா. பயந்தவதான் நல்லாத் தேடுவா" என்றார். முருகா மாதாவே என்று முனகிக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினார்.

சுரங்கத்தின் வாயில், தண்டவாளத்தின் மேலேயே, அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணி மூட்டை.

"தங்கச்சி ஊருக்குப் போறா" என்றார் அம்மா. "வழியனுப்பணும். கோச்சி இன்னும் வரல."

என் சின்னம்மா இந்தியாவுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அங்கேயே இறந்தும் போய்விட்டார். அதை நான் அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னேனோ அத்தனை தடவையும் அவர் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் நிழலைக் கண்டு ஒதுங்கும் அந்த அக்கா என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"கோச்சி இன்னைக்கு வராதாம் பெரியம்மா. நாளைக்குத்தானாம். ஐயா டேசன்லயே கேட்டுட்டு வந்துட்டாரு. இல்லீங்களா ஐயா?"

"ஆமாம்மா" என்றேன். "நாளைக்குத்தான்."

அம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் குறுக்குப் பாதையில் இறங்கித் தேயிலைக்குள் வந்த பிறகு, மேலே கோச்சி சுரங்கத்தை விட்டுச் சீறிக்கொண்டு வெளியே வந்தது. அக்கா ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப வெகு நேரமானது. அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் மட்டும் ஐயாவை விடவில்லை. மறுநாளிலிருந்து அம்மா பகலில் பிள்ளைக்காம்பராவில் இருந்தார். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மாவின் கண் பார்வையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பார். அதற்கும் அக்காதான் ஏற்பாடு. தொட்டில் கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு பயம் வைத்திருந்தார்.

முதலில் கிழவர் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் அம்மா போனார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து, யுத்தம் ஓய்வதும் மூளுவதுமாக இருந்தது. டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். கூட்டம் மட்டும் நிற்கவில்லை. அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டு, எல்ல ஊர்ப் பக்கத் தோட்டங்களுக்கும் பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களுக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே போய் வந்தார். போன இடத்திலெல்லாம் சொன்னது இவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு, உங்களுக்கும் இருக்கா? அடையாள அட்டையைச் சட்டையில் வைத்துத் தையுங்கள். கதவைப் பூட்டாதீர்கள். செத்தவரைத் திரும்பத் திரும்பச் சாகடிக்காதீர்கள்.

பிறகு ஒரு கூட்டத்தின்போது கூரை அதிர இடி இடித்தது. தொட்டில்கள் ஆடின. எல்லோரும் வழக்கம்போல அக்காவைத்தான் பார்த்தோம். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, இடி இடிக்குதே?" என்றேன். "இடிக்கட்டும்" என்றார். "அக்காவுக்கு வயசான காலத்துல தைரியம் வந்துருச்சு!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் பெரகல சந்தியில் அவரைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும், இரண்டு பக்கமும் பார்க்காமல், வீட்டு வாசலைக் கடப்பதுபோல நேராக நடந்து வந்தார். லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டித் தூஷணத்தால் ஏசினான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"கையப் புடிக்காம வந்துட்டீங்களேக்கா!"

"என்னத்துக்கு?" என்றார்.

அவரோடு ஒரே வீட்டில் இருந்த மருமகளிடம் போய்ச் சொன்னேன். "நல்லதுதானே ஐயா. முன்னால எலி ஓடுனாக்கூட ஊரக் கூட்டுவாங்க. இப்ப நிம்மதியா இருக்காங்க" என்றாள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. பேர் மறப்பது, வழி தவறுவது, கேட்டதையே கேட்பது என்று அறிகுறிகளை நாங்கள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். பயம் போய்விடுவதும் ஒரு அறிகுறி என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு காலையில் சங்கு ஊதி, பெரட்டுக்களத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். பனிக்குள்ளிருந்து அக்கா வந்தார். முதுகில் கூடை. காலில் செருப்பில்லை. கெண்டைக்காலில் இரண்டு அட்டைகள் தொங்கின. பக்கத்தில் பெக்டரி நாய். பழைய கிழட்டு நாய் எப்போதோ செத்துவிட்டது. இது அதன் வாரிசு, நல்ல கடிநாய். அதன் தலையில் கையை வைத்துத் தடவிக்கொண்டு நின்றார்.

"தம்பி, எனக்குப் பேர் போட்டாச்சா?"

அவ்வளவு காலத்தில் என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தோட்டத்திலேயே பெரிய குரல் என்னுடையது. அதைத் தாழ்த்திக்கொண்டேன்.

"போட்டாச்சுக்கா" என்றேன். "முழுப்பேர். வீட்டுக்குப் போங்க."

அவர் தலையாட்டினார். இரண்டு பெண்களைக் கூட அனுப்பினேன். கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு, அவருடைய புருஷன் எப்படிப் போனாரோ அப்படியே லயத்துப் பக்கம் இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். சின்னப் பெண். "யாரும் பயப்படாதீங்க, மனசு விட்டுப் பேசுங்க" என்றாள். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் மருமகளுக்குப் பக்கத்தில் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆடாத தொட்டில் ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளின் முகம் வெளுத்திருந்தது. நல்லாத்தாங்க பாத்துக்கிறோம் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "எங்க அம்மாவப் பாத்துக்கிட்டப்ப இருந்ததவிட இப்பதான் ரொம்ப பயமா இருக்கு. இந்த அக்கா பனிக்குள்ள எங்க போயிருவாங்களோன்னு பயமா இருக்கு. எங்க தேடுறதுன்னு சொல்றதுக்கு இனிமே ஆளில்ல."

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னத்துக்குத் தம்பி பயம்? நான் இருக்கேன்ல?" என்றார். "பயப்படாதீங்க."

குனிந்து பார்த்தேன். அவருடைய கை நடுங்கவேயில்லை.